சார்ட்டர் விமானத்தில் போனால் நாய்க்கு ஊசியும் சான்றும் வேண்டாமா?

திருப்பூரிலிருந்து நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பதினோரு வயது லாப்ரடார் ஒன்று, நான்கு வயது பக் ஒன்று. இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போகிறீர்கள். நாய்களை விட்டுவிட்டுப் போக மனசில்லை. தொழில் பங்காளிகள் சிலரும் அதே சமயத்தில் லண்டன் போவதால், எல்லாரும் சேர்ந்து ஒரு சார்ட்டர் விமானம் எடுக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. "தனி விமானம்ங்க. பீளமேட்டுல ஏறுனா லண்டன்ல எறங்கறீங்க. நாய் உங்க மடியில. பேப்பர் கீப்பர்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்று டிராவல் ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார் (பீளமேடு என்றால் கோவை விமான நிலையம்). இது நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தனி விமானத்துக்குக் காசு கட்டினால் சட்டம் தளருமா என்பது ஒன்று. இந்த இரண்டு நாய்களின் உடம்பும் அந்தப் பயணத்தைத் தாங்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் 'தளராது' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் தளராது, எங்கெங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதையும், இரண்டாவது கேள்வியையும் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். கூடப் படித்தவர்களில் நிறையப் பேர் கோழிப்பண்ணைப் பக்கம் போய்விட்டார்கள் (அந்த ஊரில் படித்தால் அதுதான் நடக்கும்). நான் கோவையில் நாய், பூனை பார்க்க உட்கார்ந்தேன். வெளிநாடு போகும் பிராணிகளுக்குச் சிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) போடுவது, ரத்தம் எடுத்து அனுப்புவது, சான்று எழுதுவது எல்லாம் பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. சில சமயம் விமானத்தின் படிக்கட்டு வரை கூடப் போயிருக்கிறேன். ஆனால் நான் பைலட்டும் இல்லை, வக்கீலும் இல்லை. நாயின் உடம்பைப் பற்றியும் மருத்துவக் காகிதங்களைப் பற்றியும் கீழே சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம், வாடகை பற்றிய பேச்சைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விதிகள் அடிக்கடி மாறுகிறவை என்பதால், தேதி முடிவானதும் அந்த நாட்டு அரசின் அறிவிப்பை இன்னொரு தடவை படித்துவிட வேண்டும்.

சார்ட்டர் எடுத்தால் நாய் உட்காரும் இடம் மாறுகிறது. அவ்வளவுதான் மாறுகிறது. ரேபிஸ் விதிகள் நாய் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை வைத்து எழுதப்பட்டவை. அந்த விமானத்தில் முந்நூறு பேர் இருந்தாலும் மூன்று பேர் இருந்தாலும் அதே விதிதான். உங்கள் ஏஜெண்டிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பும் அவருடைய மனைவி ஆம்பர் ஹேர்டும் பிஸ்டல், பூ என்ற இரண்டு யார்க்‌ஷயர் டெரியர்களைத் தனி விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். யாரிடமும் அறிவிக்கவில்லை, எந்தக் காகிதமும் இல்லை. நாய்க்கு முடி வெட்டிவிட்ட கடைக்காரர்கள் ஃபேஸ்புக்கில் படம் போட்டதும் விஷயம் வெளியே வந்தது. நாட்டை விட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் கொல்ல வேண்டியிருக்கும் என்று வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் பகிரங்கமாகச் சொன்னார். நாய்கள் அவசர அவசரமாக அமெரிக்காவுக்குத் திரும்பின. அடுத்த வருடம் ஹேர்ட் கோர்ட்டில் நின்று, வருகை அட்டையில் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டார். அவர்களுக்கே அந்த நிலை.

இனி இங்கிலாந்து. இந்தியா அவர்கள் பட்டியலில் இல்லாத நாடு, அதாவது ரேபிஸ் விஷயத்தில் அவர்கள் நம்பாத நாடு. அதனால் நாய்க்கு முதலில் மைக்ரோசிப், பிறகு ரேபிஸ் தடுப்பூசி, அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. அந்த ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த நாளிலிருந்து என்று நினைக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்து. கடைசியில், இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னும் 120 மணி நேரத்துக்குள்ளுமாக ஒரு டாக்டர் நாடாப்புழு மாத்திரை கொடுத்து, நேரத்தோடு சான்றில் எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் நான்கு மாதம் ஓடிவிடும். விமானம் நாளைக்கே கிடைத்தாலும் நாய் நான்கு மாதம் கழித்துத்தான் கிளம்ப முடியும். காகிதம் சரியில்லாமல் போய் இறங்கினால் சொந்தச் செலவில் நான்கு மாதம் வரை குவாரண்டைனில் வைப்பார்கள், அல்லது வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள்.

இதில் நம்மூரில் அடிக்கடி சறுக்கும் இடம் வரிசைதான். கிளினிக்குக்கு வருகிறவர்கள் தடுப்பூசிப் புத்தகத்தைப் பெருமையாக நீட்டுவார்கள். வருடா வருடம் ஸ்டிக்கர், கையெழுத்து, எல்லாம் பக்காவாக இருக்கும். நாயின் கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் ஸ்கேனரை வைத்து மெதுவாக முதுகு வரை இழுத்தால் 'பீப்' சத்தமே வராது. சிப் இல்லை. சிப் இல்லாத காலத்தில் போட்ட ஊசி எத்தனை இருந்தாலும் பிரிட்டனின் கணக்கில் அது போடாத ஊசி. எந்த நாய்க்குப் போட்டது என்று நிரூபிக்க வழியில்லை என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. அன்றைக்கே சிப் போட்டு, அதே நாளிலோ பிறகோ மறுபடி ரேபிஸ் ஊசி போட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். சிப் 15 இலக்க ஐ.எஸ்.ஓ. தரத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்ட தேதி, சிப் நம்பர், பாட்டிலின் பேட்ச் நம்பர் மூன்றையும் ஒரே ஆள் ஒரே தடவையில் எழுதுவது நல்லது. சான்றில் ஒரு இலக்கம் மாறினாலும் அது வேறு நாயாகிவிடும்.

எங்கே இறங்குவது என்பதிலும் பிரிட்டனுக்குக் கண்டிப்பு உண்டு. நாய், பூனைகள் அங்கீகரிக்கப்பட்ட வழித்தடத்தில், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் பொறுப்பில்தான் உள்ளே வர முடியும். தனி விமானமும் அதே பிராணிப் பரிசோதனை உள்ள நிலையத்தில்தான் இறங்கியாக வேண்டும். எனவே ஏஜெண்டிடம் 'லண்டனில் எந்த விமான நிலையம், அங்கே நாயைச் சரிபார்க்கப் போகும் நிறுவனம் எது, அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டார்களா' என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். வழக்கமான பயணிகள் விமானத்தில் பிரிட்டனுக்குள் நாய் சரக்காகத்தான் போகும், கேபினில் விடுவதில்லை. அதனால்தான் நிறையப் பேர் பாரிஸ் அல்லது ஆம்ஸ்டர்டாம் வரை பறந்துவிட்டு, அங்கிருந்து காரில் பிரான்ஸின் கடற்கரை ஊரான கலே வந்து, கடலடிச் சுரங்க ரயிலில் காரோடு ஏறி இங்கிலாந்துக்குள் நுழைகிறார்கள். ஐரோப்பாவுக்குள் நுழையவும் இதே ரத்தப் பரிசோதனையும் மூன்று மாதக் காத்திருப்பும் உண்டு. பட்ஜெட் இடிக்கும்போது இந்த வழியையும் மனதில் வையுங்கள்.

இந்தப் பக்கத்துக் காகிதம் வேறு. இந்தியாவிலிருந்து நாயை வெளியே கொண்டுபோக மத்திய அரசின் பிராணித் தொற்றுத்தடை அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். தென்னிந்தியாவுக்கான நிலையம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத்திலும் உண்டு. கோவையில் அப்படி ஒரு நிலையம் இல்லை. நம் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் இருக்கிறது, இமிக்ரேஷன் இருக்கிறது, சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் விமானம் போகிறது. ஆனால் நாயைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் அதிகாரி இல்லை. சான்றுக்காக நாயோடு சென்னையோ பெங்களூரோ போகத்தான் வேண்டும் என்றால், அங்கிருந்தே ஏறிவிடுவது புத்திசாலித்தனம்.

ஏஜெண்ட் மொத்தமாக மறந்தது திரும்பி வரும் பயணத்தை. வெளிநாட்டிலிருந்து வரும் நாய் இந்திய மண்ணில் முதலில் இறங்கும் இடம் தொற்றுத்தடை நிலையம் உள்ள ஊராக இருக்க வேண்டும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் என்ற ஆறு ஊர்கள் நெடுங்காலமாக அந்தப் பட்டியலில் இருந்தன. 2024-ல் கொச்சியும் சேர்ந்தது, வாளையார் தாண்டினால் நமக்கு அதுதான் பக்கம். லண்டனிலிருந்து நேராகப் பீளமேட்டில் இறங்கும் திட்டம் நாய் கூட இருந்தால் நடக்காது. முன்கூட்டியே தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பித்து, அந்த ஆறேழு ஊர்களில் ஒன்றில் இறங்கி, அதிகாரி நாயைப் பார்த்த பிறகு, உள்நாட்டுப் பயணமாகக் கோவைக்கு வரலாம். போகும்போது வாங்கிய ஏற்றுமதிச் சான்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இங்கிருந்து போன நாய்தான் திரும்பி வருகிறது என்று காட்ட அதுவே ஆதாரம். இல்லாவிட்டால் புதிதாக நாய் இறக்குமதி செய்கிறீர்களா என்ற கேள்வி கிளம்பி, அது வேறு துறைக்குப் போய்விடும்.

விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். வாடகைக்கு ஓட்ட உரிமம் பெற்ற ஆபரேட்டரிடம் மட்டும் எடுங்கள். நம் பகுதியில் சொந்த விமானம் வைத்திருக்கும் தொழிலதிபர்கள் உண்டு. 'நம்ம மாமா விமானம்தான், பெட்ரோல் காசு மட்டும் கொடுங்க' என்ற பேச்சு வந்தால் விலகிக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான விமானத்தைக் காசு வாங்கி ஓட்டுவது சட்டவிரோதம். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். அடுத்தது தூரம். கோவையிலிருந்து லண்டன் எட்டாயிரம் கிலோமீட்டர் சொச்சம். சைட்டேஷன் சிஜே2 மாதிரியான சிறிய ஜெட் ஒரே மூச்சில் மூவாயிரம் கிலோமீட்டர் போகும், வழியில் இரண்டு மூன்று இடத்தில் எண்ணெய் பிடிக்க வேண்டும். ஹாக்கர் 850 வகைக்கு ஒரு இடம் போதும். குளோபல், கல்ஃப்ஸ்ட்ரீம் போன்ற பெரியவைதான் நிற்காமல் போகும். நாய்க்கு இது ஏன் முக்கியம் என்றால், எண்ணெய் பிடிக்க நிற்கும் நாட்டில் நாயைக் கீழே இறக்கி ஒன்றுக்குப் போகவிட முடியாது. அந்த நாட்டு அனுமதி இல்லாமல் அதன் கால் அங்கே தரையில் படக்கூடாது. விமானம் உங்கள் ஊரில் நிற்பதில்லை என்பதால், அது காலியாக வந்து சேருவதற்கும் காலியாகத் திரும்புவதற்கும் சேர்த்தே பில் போடுவார்கள். அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஒப்பந்தத்தில் நாய்களின் இனம், எடை, எண்ணிக்கை, 'கேபினில்' என்ற வார்த்தை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் வேறு விமானம் மாற்றித் தருவது இந்தத் தொழிலில் சகஜம். மாற்றி வந்த விமானத்தின் முதலாளிக்கு நாய் முடி பிடிக்காமல் போகலாம். இறுதியாக யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சொல்லும் அதிகாரம் கேப்டனுக்குத்தான்.

இனி உடம்புக்கு வருகிறேன், இதுதான் என் துறை. விமானம் 40,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் குறையாமல் வைத்திருப்பார்கள். புதிய பெரிய ஜெட்டுகளில் இது இன்னும் சௌகரியமாக இருக்கும், சிறிய விமானங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகும். 8,000 அடி என்றால் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கு. நமக்கு இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஊட்டி 7,300 அடிக்கு மேல் இருக்கிறது, தொட்டபெட்டா 8,600 அடியைத் தாண்டும். மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியார் வழியாக நாயை ஊட்டிக்குக் கூட்டிப்போய் ஒரு நாள் தங்கிப் பாருங்கள். சாப்பிடுகிறதா, படுத்துத் தூங்குகிறதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ஈறு இளஞ்சிவப்பாகவே இருக்கிறதா என்று கவனியுங்கள். அங்கே கஷ்டப்படும் நாய் விமானத்திலும் கஷ்டப்படும். அங்கே நன்றாக இருந்த நாய் விமானத்திலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒரே வித்தியாசம் வேகம். மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்தில் ஏறும் உயரத்தை விமானம் அரை மணிக்குள் ஏறிவிடும். காது அடைக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் கடித்துச் சப்ப ஏதாவது கொடுத்தால் சரியாகிவிடும். காதில் சீழ் இருக்கும் நாயை மட்டும் குணமாக்காமல் ஏற்றக்கூடாது.

பக் விஷயத்தில் சார்ட்டர் உண்மையிலேயே பயன்படும், அதை மறுக்க மாட்டேன். நாய் நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். பக்கின் மூக்குத் துவாரம் கீறல் மாதிரி இருக்கும், தொண்டைக்குள் அண்ணம் நீளமாகத் தொங்கும். மற்ற நாய் இயல்பாகச் செய்யும் வேலையை இது போராடிச் செய்கிறது. சரக்குப் பகுதியில் சூடும் பயமும் சேர்ந்தால் தொண்டை வீங்கி, மூச்சு இன்னும் சுருங்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-ல் வெளியிட்ட கணக்கில், முந்தைய ஐந்தாண்டுகளில் விமானப் பயணத்தில் இறந்த 122 நாய்களில் ஏறக்குறைய பாதி சப்பை மூக்கு இனங்கள். பக் மட்டும் 11. எனவே உங்கள் பக்கைச் சரக்கில் அனுப்ப நான் சான்று எழுத மாட்டேன். கேபினில் உங்கள் காலடியில் என்றால் யோசிக்கலாம். அதற்கு முன் ஒரு டாக்டரிடம் காட்டி, வீட்டு மாடிப்படியை இரண்டு தடவை ஏறி இறங்கவைத்துப் பாருங்கள். கழுத்தை முன்னால் நீட்டி, முழங்கையை வெளியே விரித்து நின்று மூச்சிழுத்தால், குறட்டை மாதிரி சத்தம் உள்ளே இழுக்கும்போது வந்தால், நாக்கின் ஓரம் கத்தரிப்பூ நிறம் தட்டினால், பயணம் வேண்டாம். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தும் சின்ன ஆபரேஷன் இருக்கிறது, பலன் தருகிறது. நான்கு மாதம் காத்திருக்கத்தானே போகிறீர்கள், அதற்குள் செய்துகொள்ளலாம். எடை கூடியிருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள்.

ஒரு ஆபத்தை யாரும் சொல்வதில்லை. அது வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. ஏப்ரல், மே மத்தியானத்தில் விமானம் நிற்கும் கான்கிரீட் தரை நாயின் பாதத்தைச் சுடும். சிறிய ஜெட்டுகள் பலவற்றில் என்ஜின் ஓடாதபோது ஏ.சி. ஓடாது, வெளியிலிருந்து மின்சாரம் தரும் வண்டி வர வேண்டும். பறக்க அனுமதி தள்ளிப்போய் அரை மணி நேரம் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், மனிதர்களுக்குச் சட்டை நனையும். பக்குக்கு உயிர் போகும். விடியற்காலை நேரம் கேளுங்கள். விமானத்துக்குள் குளிர் வந்த பிறகே நாயை ஏற்றுவோம் என்று சொல்லிவைத்துவிடுங்கள். ஈரத்துண்டும் ஐஸ் பாட்டிலும் கையில் இருக்கட்டும். செக்யூரிட்டியில் நாயை எக்ஸ்ரே பெல்ட்டில் விடக்கூடாது. கூண்டு மட்டும் பெல்ட்டில் போகும், நாயைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பீர்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றச் சொல்வார்கள், அந்த நிமிடத்தில் நழுவி ஓடாதபடி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தூக்க மாத்திரை கேட்காதவர் யாரும் இல்லை. "கொஞ்சம் மயக்கமா இருந்தாப் போதுங்க டாக்டர், தூங்கிட்டே வந்துரும்" என்பார்கள். நான் கொடுப்பதில்லை. பழைய மயக்க மருந்துகள் ரத்த அழுத்தத்தை இறக்கும், உடம்பு சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கும். மேலே போனதும் ஏற்கெனவே குறைந்த ஆக்சிஜனோடு அது சேரும்போது எழுப்ப முடியாமல் போகலாம். பக்குக்குத் தொண்டைத் தசை தளர்ந்தால் வேறு வினையே வேண்டாம். விமானப் போக்குவரத்து அமைப்புகளும் கால்நடை மருத்துவ அமைப்புகளும் இதைத்தான் சொல்கின்றன. ரொம்பப் பயப்படும் நாய்க்குப் பதற்றம் குறைக்கும் லேசான மருந்துகள் உண்டு. அதையும் பயணத்துக்குச் சில வாரம் முன்பே வீட்டில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். மாத்திரையைவிட நல்ல வழி கூண்டைப் பழக்குவது. இன்றைக்கே வாங்கி, கதவைக் கழற்றிவிட்டு, ஊஞ்சல் பக்கத்தில் போட்டு, சோற்றை அதற்குள் வையுங்கள். மூன்று மாதத்தில் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். கேபினில் விட்டாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் நாய் கூண்டிலோ, சீட் பெல்ட்டோடு கோத்த மார்புப் பட்டையிலோ இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் நாய்கள் சோபாவில் புரள்கிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 2024 மே மாதம் நாய்களுக்கென்றே தொடங்கிய பார்க் ஏர் மாதிரியான சேவைகளின் படங்கள் அவை. அந்த விமானங்களிலும் லண்டன் போகும் நாய்க்குச் சிப், ஊசி, சான்று எல்லாம் கேட்கத்தான் செய்கிறார்கள்.

லாப்ரடாரைப் பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது. பதினோரு வயது அந்த இனத்துக்கு முதுமை. முப்பது முப்பத்தைந்து கிலோ எடை இருக்கும், இடுப்பு தேய்ந்திருக்கும். சிறிய ஜெட்டின் படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக, குறுகலாக இருக்கும். பெரிய நாய் பாதியில் நின்றுவிடும். இரண்டு பேர் துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும், அதை வீட்டிலேயே பழக்கிக்கொள்ள வேண்டும். அடுத்தது மூத்திரம். தோட்டத்தில் வளர்ந்த நாய் தென்னை மரத்தடியைத் தவிர வேறெங்கும் காலைத் தூக்காது. விமானத்தின் கார்ப்பெட்டில் மூத்திரம் உறிஞ்சும் பேட் விரித்துக் கொடுத்தால் உங்கள் முகத்தைப் பார்க்கும். பத்து மணி நேரம் அடக்கிக்கொண்டே வரும், வயதான நாய்க்கு அது நல்லதில்லை. நான் சொல்லும் வழி, பேட் மேல் அந்தத் தோட்டத்து மண்ணையே ஒரு கை தூவி, வாசலில் வைத்து, தினமும் காலையில் அங்கே பழக்குவது. மண்ணைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கடைசியில் பேட் மட்டும். பழகிய பேட் ஒன்றைப் பயணத்தில் எடுத்துப்போகலாம், ஆனால் மண்ணைக் கொண்டுபோகக்கூடாது. அந்த நாடுகளில் மண்ணுக்கும் தடை உண்டு.

ரத்தம், சிறுநீரகம், இதய எக்கோ மூன்றும் நன்றாக இருந்தால் அந்த லாப்ரடாரால் ஒருவழிப் பயணத்தைத் தாங்க முடியும். நீங்கள் நிரந்தரமாகக் குடிபோவதாக இருந்தால் 'கூட்டிப்போங்கள்' என்று சொல்லியிருப்பேன். ஆறு மாதத்துக்காகப் போய், பன்னிரண்டை நெருங்கும் வயதில் மறுபடி பத்து மணி நேரம் பறந்து, பெங்களூரில் இறங்கி அதிகாரிக்குக் காத்திருந்து, வெயிலுக்குள் திரும்பி வருவதை நான் விரும்பவில்லை. நாய் பழகிய ஆள் யாராவது, தோட்டத்தில் பண்ணையம் பார்க்கிறவரோ உங்கள் அண்ணன் வீட்டாரோ, அதே வீட்டில் வந்து தங்கிப் பார்த்துக்கொள்ள முடிந்தால் அதுதான் அதற்குச் சுகம். இது மருத்துவ முடிவு மட்டும் இல்லை, என் சொந்த அபிப்பிராயமும் கலந்தது. வேறு டாக்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றிரண்டு. துபாய்க்கு முன் அனுமதி வாங்கியே கொண்டுபோக வேண்டும். நம் தோட்டங்களில் காவலுக்கு வளர்க்கும் ராட்வீலர், டாபர்மேன், பாக்ஸர் அங்கே தடைப் பட்டியலில் இருக்கின்றன, தனி விமானம் என்பதற்காக விடமாட்டார்கள். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதியை இறுக்கிவிட்டது. இந்தியாவில் ஊசி போட்ட நாய் ஆறு மாத வயதைத் தாண்டியிருக்க வேண்டும், சிப் வேண்டும், பதிவு பெற்ற பிராணிப் பராமரிப்பு மையம் உள்ள சில விமான நிலையங்களில்தான் இறங்க முடியும். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராக நாய் போகவே முடியாது. உள்நாட்டில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கோவையிலிருந்து சென்னைக்கோ டெல்லிக்கோ போக ரேபிஸ் ஊசிப் புத்தகமும் டாக்டரின் உடல்தகுதிச் சான்றும் போதும். சென்னை வரைக்கும்தான் என்றால் விமானமே வேண்டாம். ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி. கூப்பேயை முழுதாக எடுத்தால் நாய் உங்களோடு படுத்துக்கொண்டே வரும்.

நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு நாய்களையும் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிப் இருந்தால் அது போட்ட தேதியையும், அதற்குப் பிறகு ரேபிஸ் ஊசி போட்ட தேதிகளையும் இங்கேயே எழுதுங்கள் (சிப் நம்பரைப் பொதுவில் போட வேண்டாம்). எந்த மாதத்துக்கு மேல் புறப்படலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை ஏஜெண்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள்.